வீட்டு ஆட்களுக்குக் கிடையாது

என் அம்மா சாமியிடம் பேரம் பேசுவதில் கெட்டிக்காரி. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவின் சிறுநீரகக் கல்லுக்காக அவள் ஒரு பேரம் பேசினாள். அதில் நானும் மாட்டிக்கொண்டேன்.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிப் புதிதாக மனை போட்ட இடத்தில் எங்கள் வீடு. ரோடு வந்துவிட்டது, கரண்ட் வந்துவிட்டது, தண்ணீர் மட்டும் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. தெருக்கோடிப் பொதுக்குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வரும். வீட்டுக்கு இத்தனை குடம்தான் என்று தெருவே சேர்ந்து கட்டுப்பாடு வைத்திருந்தது. மற்ற நாளெல்லாம் போர்த் தண்ணீர்தான். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடித்தால் தாகம் இன்னும் கூடும். கேன் தண்ணீர் வாங்குவது விருந்தாளி வந்தால் மட்டும் நடக்கிற காரியம்.

அப்பா ஆட்டோ ஓட்டினார். ஆசிரமம் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு செங்கம் ரோட்டில் நாளெல்லாம் போய் வருவார். ஏறுகிறவர்கள் கையில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். அப்பா தண்ணீர் குடிப்பதே அபூர்வம். உப்புத் தண்ணீர் அவருக்குத் தொண்டையில் இறங்காது. ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே சுருண்டுவிட்டார். ஸ்கேனில் கல் தெரிந்தது.

"அண்ணாமலையாரு எனக்குள்ளயும் ஒரு சின்ன மலைய வெச்சிட்டாரு" என்று அந்த வலியிலும் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

"மாத்திரையெல்லாம் அப்புறங்க. நல்ல தண்ணி ஜாஸ்தி குடிங்க. ஒரு நாளைக்கு மூணு லிட்டராவது உள்ள போகணும்."

மூன்று லிட்டர் நல்ல தண்ணீருக்கு நாங்கள் எங்கே போவது? அம்மா இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மலை சுற்ற வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு பௌர்ணமி தண்ணீர் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். ஊர் தாகத்தை நாம் தீர்த்தால் நம் கஷ்டத்தைச் சாமி தீர்க்கும் என்பது அவள் கட்சி. சாமி காரியத்துக்குப் போர்த் தண்ணீரா ஊற்ற முடியும்? குழாயில் பிடித்த நல்ல தண்ணீர் முழுவதும் நீல டிரம்முக்குள் போனது. அம்மா டிரம்முக்கு விபூதிப் பட்டை போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டினாள். அது நேர்ந்துவிட்ட தண்ணீர். வீட்டு ஆட்கள் ஒரு சொட்டுத் தொட்டாலும் வேண்டுதல் பலிக்காது. ஆக, அப்பா குணமாவதற்காக அப்பா உப்புத் தண்ணீர் குடித்தார்.

மூன்றாவது பௌர்ணமி வைகாசியில் வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் தண்ணீர் ஊற்றும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. பாதையோரம் நான்கு கழி நட்டு, மேலே அம்மாவின் பழைய புடவை. ஒரு டிரம், ஒரு செம்பு, இரண்டு எவர்சில்வர் டம்ளர். மற்ற பந்தல்கள் வெயில் தாழ்ந்த பிறகுதான் திறக்கும். எங்களுடையது மூன்று மணிக்கே திறந்துவிட்டது. வாங்கிக் குடித்தவர்கள் "தண்ணி இனிக்குது பாப்பா" என்றபோது நானே சுரந்து கொடுத்தது போல எனக்குப் பெருமை. ஒருவர் பாதி குடித்துவிட்டு மீதியைப் பாதத்தில் ஊற்றிக்கொண்டார். அதையும் நான் புண்ணியக் கணக்கில்தான் சேர்த்தேன்.

பௌர்ணமி அன்று பாதையில் ஆட்டோவை விடமாட்டார்கள். சவாரி இல்லாத அப்பா, "நானும் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று உச்சி வெயிலில் கிளம்பியிருந்தார். பிறந்ததிலிருந்து மலையடியில் இருந்தும் ஒரு தடவைகூடச் சுற்றாத மனிதர். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி வேலையை ஆரம்பித்துவிட்டது என்றே அவள் நம்பினாள்.

ஐந்து மணி வாக்கில் டிரம்மில் கொள்ளாமல் மூடி வைத்திருந்த குடத்தை எடுத்துவர அம்மா வீட்டுக்குப் போனாள். நிமிர்ந்து பார்த்தால் வரிசையில் அப்பா. தலையில் ஈரமில்லாத துண்டு, காலில் செருப்பில்லை, உதடு வெடித்திருந்தது. முன்னால் நின்ற நாலு பேரும் குடித்து நகரும்வரை காத்து நின்றார். தன் முறை வந்ததும் கை நீட்டினார்.

"பாப்பா, ஒரு டம்ளர் தண்ணி குடும்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "உனக்குக் கெடையாதுப்பா. வீட்டு ஆளுங்க குடிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சில்ல?"

"நானும் மலைய சுத்திட்டுத்தாம்மா வரேன்."

"வீட்ல போய் குடி. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

வரிசையில் யாரோ, "பாப்பா ரொம்ப கரெக்டா இருக்குது" என்றார்கள். அப்பாவும் சிரித்தார். நீட்டிய கையால் என் தலையைத் தடவிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அம்மா திரும்பி வந்ததும் நடந்ததை ஒப்பித்தேன். அவள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அம்மா தன் பங்கை நேர்மையாகக் கொடுத்து முடித்தாள், பன்னிரண்டு பௌர்ணமியும். சாமி என்ன நினைத்ததோ தெரியவில்லை. ஒரு கல் போய் இன்னொன்று வந்தது. வருடங்கள் கழித்து இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. தண்ணீர்தான் காரணமா என்று கேட்டதற்கு, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அதற்குள் எங்கள் வீட்டுக்கே குழாய் வந்திருந்தது, சுத்திகரிக்கும் மெஷினும் மாட்டியிருந்தோம். ஆனால் டயாலிசிஸில் இருப்பவர் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அந்தப் பழைய எவர்சில்வர் டம்ளரில் ஒரு நாளைக்கு நான்கு, அவ்வளவுதான். அளந்து கொடுப்பது என் வேலை. "இன்னும் ஒரு வாய் குடும்மா" என்பார். நான் இல்லை என்பேன். அவர் இறந்த அன்றும் அப்படித்தான் சொன்னேன்.

அந்த வைகாசியைப் பற்றி அப்பா கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மலையைச் சுற்றி வந்தவர் பக்தர். பக்தருக்குத் தண்ணீர் உண்டு. அம்மாவின் வேண்டுதலும் கெடாது. இப்படி ஒரு வழி கண்டுபிடித்துத்தான் அவர் அந்த வெயிலில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா என்னைச் சோதிக்கத்தான் வரிசையில் வந்து நின்றார் என்றும், நான் தேறிவிட்டேன் என்றும் நினைத்துக்கொண்டு, அடுத்து நின்றவருக்கு டம்ளரை வழிய வழிய நிரப்பினேன்.