ஐஸ் பெட்டி தர்மனும் ஆம்புலன்ஸ் படிப்பும்

எந்த வீட்டுக்குப் போனாலும் தர்மன் முதலில் பார்ப்பது வாசல்நிலையின் அகலத்தை. பிறகு, கூடத்தில் திரும்ப இடமிருக்கிறதா என்று. அப்புறம் பிளக் பாயிண்ட். காதுகுத்தோ கல்யாணமோ, இந்த வரிசை மாறாது. போன மாதம் மீன்சுருட்டியில் சின்ன மாமனார் கட்டிய புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நெலய மூணரை அடிக்கு வச்சிருக்கீங்க, நல்லது மாமா. நாளைக்கு ஒண்ணுன்னா சாய்க்காம உள்ள கொண்டாரலாம்" என்று மனதாரப் பாராட்டினான். மாமனார் அன்று பாயசம் தொடவில்லை.

ஜெயங்கொண்டத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் நான்கு ஐஸ் பெட்டிகள். வெளியூர்ச் சொந்தங்கள் வந்து முகம் பார்க்கும்வரை இறந்தவரைக் கெடாமல் வைத்திருக்கும், கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டிகள். ஏற்றிப்போக ஒரு குட்டியானை வண்டி. மச்சான் வீரமணியும் தர்மனும் கூட்டாக நடத்தும் தொழில். போன் வந்தால் தர்மன் கேட்பது ஒரே கேள்வி: "ஆளு எத்தன அடிங்க?" பாதி நேரம் அதையும் கேட்க வேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்தில் பலரை உயிரோடு பார்த்தபோதே அளந்து வைத்திருக்கிறான்.

வயது இருபத்தொன்பதுதான். துக்க வீட்டுப் பழக்கத்தில் குரல் மட்டும் எப்போதும் பாதிதான் வரும். பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மண்டப வாசலில் கண்கலங்கி நின்ற ஒரு தகப்பனிடம், "மனசத் தேத்திக்குங்க, நம்ம கையில என்ன இருக்கு" என்று சொல்லி மனைவி சுகன்யாவிடம் கிள்ளு வாங்கினான். டீக்கடையில் வண்டியை ஓரம்கட்டினால் கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, எந்தத் தெருவில் என்று கேட்பார். காய்ச்சலில் படுத்திருந்த பெரியப்பாவைப் பார்க்க ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டிலருகே அவன் நிற்பதைக் கண் திறந்து பார்த்த பெரியப்பா, ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸை உருவிப் போட்டுவிட்டு அன்றைக்கே நடந்து வீடு சேர்ந்தார். இன்றுவரை நன்றாக இருக்கிறார்.

தர்மனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரைப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னும் தொண்டைக்கு ஓரமாக இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் நிற்பான். அழுகிறவர்களுக்கு எரிச்சலாக வரும். "செத்துப்போயிட்டாருன்னுதான சொல்றோம், நீ என்னடா வைத்தியம் பாக்குற?" என்று திட்டியிருக்கிறார்கள். அவன் விரலை எடுக்க மாட்டான். "மூடி போட்டு சுச்சு போடறவன் நாந்தாங்க. எனக்கப்புறம் பாக்க யாரு இருக்கா?" என்பான். ஆறு வருடமாக இப்படிப் பார்த்திருக்கிறான். ஆறு வருடமும் ஒன்றும் ஆடியதில்லை.

இந்த ஆவணியில் ஆடியது. வரதராஜன்பேட்டைப் பக்கம், அங்கமுத்து என்பவர். சர்க்கரை நோயாளி. காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் முந்திரிக்காட்டுக்குப் போய்விட்டு வந்து படுத்தவர், பத்தரை மணிக்கு எழுப்பினால் எழவில்லை. உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்து, பேச்சுமூச்சில்லை. அவர் மனைவி சின்னப்பிள்ளை அலறியதில் தெரு கூடிவிட்டது. தர்மன் பெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது பந்தல் நின்றது, பறை அடித்துக்கொண்டிருந்தார்கள், தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனரே கட்டியாயிற்று.

விரலை வைத்தவன் ஒரு நிமிடம் கழித்தும் எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் ஆயிற்று.

"அண்ணே, ஆடுதுண்ணே."

"என்னது ஆடுது?" என்றான் அங்கமுத்துவின் மகன் செந்தில்குமார்.

"நாடி."

செந்தில்குமார் சற்று யோசித்தான். "திருப்பூர்லேருந்து எல்லாரும் பஸ் ஏறிட்டாங்களேப்பா" என்றான்.

தர்மன் பெட்டியை இறக்காமல் 108-ஐக் கூப்பிட்டான். ஆம்புலன்ஸில் வந்த அனிதா என்ற பெண் அங்கமுத்துவின் விரல் நுனியைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். இருபத்தாறு. எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாத எண் அது. நரம்பைத் தேடிப் பிடித்து குளுக்கோஸ் ஏற்றினாள். பத்து நிமிடத்தில் அங்கமுத்து கண் விழித்து, யார் செத்தது என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரில் தெருவைத் தாண்டும்போது பேனரைப் பார்த்துவிட்டு, "அந்தப் போட்டோவ எவன்டா குடுத்தது? அதுல எனக்கு ஒரு கண்ணு சின்னதா இருக்கும்னு சொல்லிருக்கேன்ல?" என்றார். சாயங்காலம் அழுதுகொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கிய திருப்பூர்க்காரர்களுக்குச் சோறாக்கிப் போட வேண்டியதாயிற்று. அங்கமுத்துவுக்கு இன்றைக்கும் தர்மன் மேல் வருத்தம்தான். அவர் நினைவில் நிற்பதெல்லாம், கண் விழித்ததும் பக்கத்தில் பெட்டிக்காரன் நின்றான் என்பது மட்டுமே.

வண்டியேறும் முன் அனிதா கேட்டாள். "கழுத்துல நாடி பாக்க யாருண்ணே சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லலம்மா. ஒரு பயந்தான்."

"பயப்படத் தெரிஞ்ச ஆளுதான் எங்களுக்கு வேணும். பெரம்பலூர்ல ஒரு வருசப் படிப்பு இருக்குண்ணே, அவசர சிகிச்சைக்கு. பிளஸ் டூல சயின்ஸ் எடுத்திருந்தாப் போதும். உங்க நம்பரக் குடுத்து ஒரு எடம் வச்சிருக்கச் சொல்றேன், வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள சேந்துருங்க."

அன்றிலிருந்து தர்மன் போனில் வீடியோ பார்த்து, கூடத்தில் ஒரு பருத்தி மூட்டையைக் கிடத்தி, முட்டி போட்டு நெஞ்சை அமுக்கும் முதலுதவியை முப்பது முப்பதாகப் பழகினான். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு ஆண்டாயி, தர்மன் யாரையோ கொன்று அமுக்கிக்கொண்டிருக்கிறான், தொழில் மந்தம் போலிருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். விசாரிக்க வந்த நாலு பேரிடம் சுகன்யா மூட்டையை அவிழ்த்துக் காட்டினாள்.

"ஆம்புலன்ஸுல நீ வந்து எறங்குனா பேஷண்டு அந்தப்பக்கக் கதவத் தொறந்துகிட்டு ஓடிருவான்டா" என்றான் வீரமணி.

"ஓடுற அளவுக்குத் தெம்பு வந்துட்டா நல்லதுதான?" என்றாள் சுகன்யா. "இவரு படிக்கட்டும். பொட்டிய நீ பாத்துக்க."

வீரமணி போன பிறகு, சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே தர்மன் அவளிடம் மட்டும் சொன்னான். "பொட்டி வேலையில ஒரு நிம்மதி இருக்கு, சுகன்யா. நான் போறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருக்கும். என் கையில யாரும் சாவமாட்டாங்க. அங்க போனா, பாத்துகிட்டு இருக்கும்போதே ஒருத்தன் போயிட்டான்னா?"

"அங்கமுத்து போனாரா?"

"அது ஒருவாட்டி."

"அந்த ஒருவாட்டி நீங்க இல்லன்னா அவரு பொட்டிக்குள்ள வெறச்சிருப்பாரு. போயி மூஞ்சி கழுவுங்க."

வெள்ளிக்கிழமையும் வந்தது. ஆலத்தியூரில் ஒரு வீட்டில் காரியம் முடிந்து காலிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு, அரியலூரைத் தாண்டிப் பெரம்பலூர் சாலையில் போய்க்கொண்டிருந்தான். சேர்வதா வேண்டாமா என்று அப்போதும் முடிவாகவில்லை. கல்லூரி வாசல்வரை போய்ப் பார்ப்போம், அவ்வளவுதான். மணி நாலரை.

அந்தச் சாலையில் பாதியை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டிருந்தது. அறுவடைக் காலத்தில் அங்கே களம் என்பதே தார்ச்சாலைதான். விளிம்பில் கல்லடுக்கிவிட்டு மீதிப் பாதியில் வண்டிகளைப் போகச் சொல்வார்கள். சின்ன வெங்காய மூட்டையோடு பைக்கில் வந்த ஒருவர் எதிரில் வந்த லாரிக்கு ஒதுங்கிச் சோளத்தில் ஏற, வண்டி வழுக்கி, பக்கக் கண்ணாடி உடைந்து முன்கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. தமனி அறுந்தால்தான் அப்படி வரும்.

தர்மன் வண்டியை நிறுத்தி, தோளில் கிடந்த துண்டோடு இறங்கி ஓடினான். அடிபட்டவர் தலையை நிமிர்த்தினார். வண்டியின் பக்கவாட்டில் "இறுதிப்பயணக் குளிர்பெட்டி, 24 மணி நேரமும்" என்று எழுதியிருந்தது. பின்னால் கண்ணாடிப் பெட்டி மினுங்கியது.

"நான் சாவலிங்க!" என்று கத்தினார். "எனக்கு ஒண்ணும் இல்ல! யாரு உங்களக் கூப்ட்டது?"

எழுந்து ஓடவும் ஆரம்பித்தார். தர்மன் துரத்தினான்.

"சார், ஓடாதீங்க! ஓடுனா இன்னும் சீக்கிரமா…" என்று தொடங்கி, மீதியை விழுங்கிக்கொண்டான்.

சோளத்தின் மேல் யாரால் ஓட முடியும்? இரண்டு சுற்றில் இருவருமே விழுந்தார்கள். சோளத்துக்குக் காவலிருந்த அம்மாள், காயும் மணிகளைக் கிளறும் துடுப்போடு ஓடிவந்தாள். "யோவ், ரத்தத்த சோளத்துல சிந்தாதய்யா, தள்ளிப் படு!" என்றாள். பிறகு காயத்தைப் பார்த்ததும் முகம் மாறி, இடுப்பிலிருந்து போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டாள். எத்தனை பேருக்கு அடி என்று கேட்டார்கள் போலிருக்கிறது. "ஒருத்தருக்குத்தாங்க. கொஞ்சம் சுருக்கா வாங்க, இங்க அதுக்குள்ள பொட்டி வந்து நிக்குது" என்றாள்.

அதற்குள் தர்மன் அவர் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, மடித்த துண்டை வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். அவர் பெயர் அறிவுச்செல்வன். அதைக் கேட்டான். ஊரைக் கேட்டான், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் உயரத்தைக் கேட்கத் தோன்றவில்லை. அறிவுச்செல்வன் உதடு வெளுத்து, பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தர்மனின் சட்டைப்பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"அடிக்குதுங்க" என்றார் அறிவுச்செல்வன்.

"அடிக்கட்டும்."

மூன்றாம் முறை அவரே நல்ல கையை நீட்டி எடுத்து, காதில் வைத்துக் கேட்டார். "பெரம்பலூர் காலேஜுலேருந்து ஒரு பொண்ணு பேசுதுங்க. அஞ்சு மணி ஆவப்போவுதாம். நீங்க சேர்றீங்களா, இல்ல உங்க எடத்த வேற ஆளுக்குக் குடுத்துரவான்னு கேக்குது. எதுல சேரப்போறீங்க?"

"ஆம்புலன்ஸு வேலைக்குப் படிக்க."

அறிவுச்செல்வன் தன் கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தர்மனைப் பார்த்தார். "இன்னும் படிக்கவே இல்லியா?"

"இல்லீங்க."

"ஐயையோ. எதுவா இருந்தாலும் கைய மட்டும் எடுத்துராதீங்க."

துண்டு முழுக்கச் சிவந்து, விரலிடுக்கில் கசிந்தது. போனில் அந்தப் பெண் குரல் "சார், சார்" என்றது. அறிவுச்செல்வன் போனை அவன் காதருகே நீட்டினார். சோளத்துக்கார அம்மாள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, "இந்தாய்யா, தொவச்சதுதான்" என்று அவன் மடியில் போட்டாள்.

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். "எழுதிக்குங்கம்மா, தர்மன்" என்றான், தன் முழுக்குரலில். நனைந்த துண்டை எடுக்காமல் அதன் மேலேயே அந்தத் துணியை மடித்து வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினான்.