என்னைக் கப்பித்தான் ஆக்கிவிட்டுப் போனவன்

கிணற்றுத் துலா கிறீச்சிடும் சத்தம்... அதற்கும் மேலே செல்லையாவின் குரல்.

நாட்டில் சண்டை தொடங்குவதற்கு முந்தின காலம். உடுப்பிட்டியில் எங்கள் புகையிலைத் தோட்டத்துக்கு விடியமுன் தண்ணீர் இறைப்போம். செல்லையா துலாவில் ஏறி மிதிப்பான். நான் கீழே நின்று, துலாக்கொடிக் கயிற்றில் தொங்கும் ஓலைப் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவேன். மேலே நிற்கிறவன் ஊர்ப் புதினம் சொல்லத் தொடங்கினால் எனக்குச் சிரிப்பு அடங்காது. கை ஆடும். பட்டைத் தண்ணீர் முழுக்க என் தலையில்தான்.

ஒருநாள் திடீரென்று, பெரிய மரியாதையோடு, "கப்பித்தான், கொடியை இறுக்கிப் பிடியும்!" என்றான்.

அவ்வளவுதான். அன்றோடு ஊருக்கே நான் கப்பித்தான்.

கப்பலோட்டுகிறவனின் பெயர் எனக்கு எதற்கு? ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகுவதோடு கடலுக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். பெயர் வந்து கனகாலத்துக்குப் பிறகு ஒருமுறை வள்ளத்தில் ஏறினேன். கரை சேரும்வரை குடலே வெளியில் வருமாப்போல் சத்தி.

கலியாணத்தன்று மாமனார் மெல்லக் கேட்டார். "தம்பி, கப்பல் எப்ப வெளிக்கிடுது?"

நான் விழிக்க, பக்கத்தில் நின்ற செல்லையா, "கப்பித்தான் இப்ப லீவிலை நிக்கிறார், மாமா" என்றான்.

"ஏன்ரா எனக்கு அந்தப் பேர்?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்!

"அவசரமே? சாகமுதல் சொல்லுறன்."

போன ஐப்பசியில் காய்ச்சலோடு படுத்தான். கட்டில் ஓரத்தில் குந்தி, "மச்சான், இப்பவாவது சொல்லன்" என்றேன்.

ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "ஏன்ரா, நான் சாகப்போறன் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

இருவரும் சிரித்தோம். அந்தக் கிழமைக்குள்ளேயே போய்விட்டான்.

செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவன் மனைவி பொன்னம்மா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணை, உங்களுக்கு ஏன் அந்தப் பேர் வைச்சவர்? நான் கேட்கிற நேரமெல்லாம், 'அது எனக்கும் கப்பித்தானுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம்' எண்டு சிரிப்பார். இனி நீங்கள்தான் சொல்லவேணும்."

எனக்குத் தெரிந்த விஷயமா? எனக்குத் தெரியாமல் எனக்கு என்ன தெரியும்? அழுது வீங்கின முகத்தோடு அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்...

"அவசரமே பிள்ளை? சாகமுதல் சொல்லுறன்" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் சிரித்துவிட்டாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த நாளில் அவனுக்காவது காரணம் தெரியும் என்றிருந்தேன். இப்போது யோசித்தால்... அவனுக்கும் தெரிந்திருக்காதோ? யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது என் மூத்தவன்தான் துலா மிதிக்கிறான். நல்ல பிள்ளை, வேலை நேரத்தில் வாய் திறக்கமாட்டான். வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது.

என் தலையில் ஒரு சொட்டும் விழுவதில்லை.