கல்யாண பஸ்ஸில் ஒரு கௌபாய் படம்

படத்தைப் போட்டது டிரைவர். கல்யாணத்துக்குப் போகிற பஸ்ஸில் நல்லதாக நாலு பாட்டுப் போடலாம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. தமிழ் பேசுகிற ஒரு கௌபாய் படத்தை ஓடவிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். கீரமங்கலம் தாண்டுவதற்குள் கதை பிடிபட்டுவிட்டது. அப்பனைக் கொன்றவனைத் தேடி மகன் குதிரையில் கிளம்புகிறான்.

என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் என் தம்பி. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில், மடியில் சீர்த்தட்டோடு உட்கார்ந்திருந்தவர், எங்கள் அப்பாவை லோடு வண்டியால் இடித்துக் கொன்றவர்.

அவர் வேற்றாள் இல்லை. சித்தப்பாவைக் கட்டிய சித்தியின் கூடப்பிறந்தவர், மாமா என்று நாங்கள் கூப்பிட்டு வளர்ந்தவர். ஒரு சாயங்காலம் தேங்காய் ஏற்றிக்கொண்டு தோப்புப் பாதையில் வரும்போது அப்பாவின் மொபெட்டில் மோதினார். நிற்காமல் போய்விட்டார். மறுநாள் தானாகப் போய் ஸ்டேஷனில் நின்றார். கேஸ் அதுபாட்டுக்கு நடக்கிறது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, கை நனைப்பது இல்லை. ஆனால் கல்யாணப் பெண் சித்தி மகள். தாய்மாமன் தட்டு எடுக்காமல் கல்யாணம் நடக்காது. அண்ணன் முறைக்கு என் தம்பி நிற்காமலும் நடக்காது. மாப்பிள்ளை வீடு நார்த்தாமலைப் பக்கம். ஆகவே சொந்தக்காரர்கள் இரண்டு பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதது போல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். அப்பாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. அன்றைக்கு அவன் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம். இந்தத் தடவை வந்ததிலிருந்து யாரோடும் சரியாகப் பேசவில்லை. மாமா எப்போது தோப்புக்குப் போகிறார், எந்தப் பக்கமாகத் திரும்புகிறார் என்று டீக்கடையில் விசாரித்தானாம். அது காதுக்கு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கை ஓங்கினால் வேலை போகும், ஜெயில் வரும், அவன் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும். அதனால்தான் அவனை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, நான் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த அக்காவின் உடம்பைத் தாண்டிப் போவது லேசான காரியம் இல்லை.

எங்கள் சனத்துக்குப் படம் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. ஆலங்குடி வருவதற்குள் பஸ்ஸே படத்துக்குள் போய்விட்டது.

"நாள் பூராம் ஓட்டுறானே, குதிரைக்கு ஒரு வாய் தண்ணி காட்டுனானா பாரு" என்று பெரியம்மா அங்கலாய்த்தார்.

"இம்புட்டு வெயில்ல எதுக்கு இம்புட்டுப் பெரிய கோட்டு?" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் டிவியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதுக்கோட்டை தாண்டியதும் அந்தக் கட்டம் வந்தது. கொலைகாரனுக்கு இப்போது வயதாகிவிட்டது. வீட்டு வாசலில் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறான். எதிரே மகன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"சுடுறா! இன்னும் என்னடா யோசன?" என்று பின்சீட்டிலிருந்து சித்தப்பா கத்தினார்.

"சுட்டா அப்பன் திரும்பி வந்துருவானா? ரெண்டு குடும்பமும்ல நாசமாப் போகும்" என்றார் பெரியம்மா.

"அப்பறம் எதுக்கு அம்புட்டுத் தூரம் குதிரை ஓட்டுனான்? விட்டுட்டுப் போனா ஊர்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரிவான்?" என்று சித்தப்பா விடவில்லை.

பஸ் இரண்டாகப் பிரிந்து கத்தியது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அவன் சுட வேண்டும் என்றுதான் இருந்தது. தம்பி கை ஓங்கக் கூடாது, படத்தில் இருப்பவன் சுட்டே ஆக வேண்டும். இரண்டும் ஒரே மனசில்தான் கிடந்தன.

திடீரென்று யாருக்கோ உறைத்தது. ஒவ்வொரு சீட்டாகச் சத்தம் அடங்கியது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். வெளியூர் டிரைவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்.

"என்னண்ணே, நீங்க ஒண்ணுமே சொல்லலையே. சுடலாமா, வேணாமா?"

மாமா திரும்பவில்லை. டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தாளு இவன் வருவான்னு தெரிஞ்சுதான் ஒக்காந்திருக்காரு. ஓடணும்னா எப்பவோ ஓடியிருப்பாரு."

பேச்சு அற்றுப்போனவர்கள் எங்கள் பக்கம் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். நாயைத் திட்டுவார்கள், சுவரோடு பேசுவார்கள். சேர வேண்டிய காதுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். மாமாவின் பேச்சு யாருக்கு என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்தது. தம்பி எழுந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நின்ற இடத்திலிருந்து அவனும் டிவியைப் பார்த்துத்தான் சொன்னான்.

"ஓடலையா? இடிச்ச அன்னிக்கு நிக்காம ஓடுன ஆளுதானே?"

"யாரு தம்பி இடிச்சது? அப்புடி சீனே வரலையே" என்றார் டிரைவர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமாவின் பிடரியில் வேர்வை வழிந்தது. மடியிலிருந்த தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நின்னாரு. கொஞ்ச தூரம் போயி நிறுத்திட்டுத் திரும்பி வந்தாரு. தலையத் தூக்கி மடியில வச்சாரு. அப்ப உசுரு இருந்துச்சு, பேச்சும் இருந்துச்சு. மடியிலேயே அடங்கிருச்சு. அதுக்கப்பறம்தான் பயந்து ஓடுனாரு."

இது எங்களில் யாருக்கும் தெரியாது. சித்தி "டேய்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி டிவியை விட்டுவிட்டு நேராக மாமாவைப் பார்த்தான்.

"எங்கப்பா என்ன சொன்னுச்சு மாமா?"

மாமா திரும்பினார். முகமெல்லாம் கண்ணீர்.

"தோப்புல மோட்டார் ஓடிக்கிட்டிருக்குடா, வீட்டுக்கு ஒரு போனப் போட்டு நிறுத்தச் சொல்லுன்னாருப்பா."

தம்பி அப்படியே உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். அப்பா போன பிறகு அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெரியம்மா வந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். படத்தில் கடைசியில் சுட்டானா விட்டானா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இனி அவன் கை ஓங்கமாட்டான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்குத் தோப்பில் மோட்டார் விடிய விடிய ஓடி, வாழையெல்லாம் தண்ணீரில் நின்றது. அதுகூடப் போகட்டும். மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஒரு போன் வந்திருந்தால் அப்பா எங்கே என்று நான் கேட்டிருப்பேன், ஓடிப் போயிருப்பேன். வழிப்போக்கர் யாரோ டார்ச் அடித்துப் பார்க்கும் வரைக்கும் அவர் வாய்க்கால் ஓரத்தில் தனியாகக் கிடந்திருக்கமாட்டார்.

தம்பி இப்போது சிங்கப்பூரிலிருந்து மாமாவோடு போனில் பேசுகிறான். நான் பேசுவதில்லை.