காடு மேடு ஏறும் லாரி

இன்று காலை சிங்கப்பூர் தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த கட்டுமான முதலாளி ஒருவர் தன் லாரியைப் பெருமையாகக் காட்டினார்.

“பின்னாடி ஸ்பிரிங் எல்லாம் ஹெவி டியூட்டியா மாத்திட்டேன் லா. எவ்வளவு சிமெண்ட் ஏத்தினாலும் இறங்காது. காடு மேடு எல்லாம் பறக்கும்!”

அவர் வேலையிடம் இருக்கும் புக்கிட் மேராவிலிருந்து தேக்கா வரும் வழியில் எந்தக் காடு?

லாரியின் பின்தட்டிலிருந்து அவருடைய ஊழியர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

“பாஸ், லோடு இல்லேன்னா இந்த ஸ்பிரிங் அமுங்கவே மாட்டேங்குது. ரோட்டுல ஒவ்வொரு ஸ்பீட் ஹம்புலயும் எங்கள தூக்கிப் போடுது” என்றார் ஒருவர்.

“பழகிடும் லா” என்ற முதலாளி, ஓட்டுநர் இருக்கையில் குஷனைச் சரிசெய்துகொண்டு ஏறினார். “எனக்கு முதுகுவலி.”

சிங்கப்பூரில் காடு மேடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவரைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று கூட்டிப்போக வேண்டும்.