நான் வேணாம்னு சொன்ன மைக்

ரிவியூவுக்கு இரவல் எடுத்த கேமிங் மைக்கைத் திருப்பிக் குடுக்க இன்னைக்கு மாத்தளை டவுன் கடைக்குப் போனேன்.

அங்க நின்ன ஒருத்தர் கேட்டாரு. "இந்த மைக்கை வாங்காதீங்கன்னு வீடியோ போட்டது நீங்கதானே தம்பி?"

நான்தான். அடுத்த ரூம்ல கரண்டி விழுந்தாலும் இதுல கேக்கும், இதை வச்சு எப்படி கேம் விளையாடுறதுன்னு திட்டியிருந்தேன்.

"எனக்கு அதுதான் வேணும்."

சிரிச்சிட்டேன். "யாரண்ணே ஒட்டுக் கேக்கப் போறீங்க?"

"சம்சாரம் குவைத்ல வீட்டு வேலை செய்றா. மகளுக்கு ஒரு வயசுல போனவ, இப்ப புள்ளைக்கு நாலு. ஃபோன்ல அம்மான்னு காட்டினா ஓடி ஒளிஞ்சிக்குது. தனியா மூலையில விளையாடுறப்பதான் வாய் ஓயாது. நான் கிட்டப் போனாலே நிப்பாட்டிரும். அதான், தூரத்துல வச்சு ரெக்கோட் பண்ணி அனுப்பலாம்னு."

மைக்கை அவர் ஃபோன்ல மாட்டுற விதத்தைக் காட்டிக் குடுத்தேன்.

வீட்டுக்குப் போற பலாபத்வல பஸ்ல உக்காந்து என் வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். "தூரத்துச் சத்தமெல்லாம் உள்ள வருது" ன்னு சலிச்சுக்கிட்டே அஞ்சுக்கு ஒரு மார்க் போட்டிருக்கேன்.

நீங்களா இருந்தா எத்தனை போடுவீங்க?