றீற்றாக்காவின் தாலாட்டு

இன்று காலை அச்சகத்தில் பசை வாளி திறந்து கிடந்தது. கோதுமை மாவில் காய்ச்சிய பசை. அந்தப் புளித்த மணம் மூக்கில் ஏறியதும், எதற்கு வந்தேன் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று. வந்தது கொழும்புத்துறை றீற்றாக்காவின் மரண அறிவித்தலுக்கு. அவருடைய தங்கை தொலைபேசியில், "நீங்கள்தானே எழுதுற ஆள், பிழை விடாமல் அடிப்பிச்சுக்கொண்டு வாங்கோ" என்றிருந்தார். எழுதுகிற ஆள்! அந்தப் பட்டத்தைக் கேட்டாலே இப்போது களைப்பாக இருக்கிறது.

கணினியில் மளமளவென்று தட்டிக்கொண்டிருந்த சுதாக்கா கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"கணவர் காலஞ்சென்ற. சரி. மகன் ஜூட்? அவரும் காலஞ்சென்றவரோ?"

இந்தக் கேள்விக்கு ஒரு தடவை பிழையாகப் பதில் எழுதிய கை இது.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். எனக்கு அப்போது நாட்டார் பாடல் பித்து. எங்கே யார் பாடுவார் என்று கேள்விப்பட்டாலும் கைத்தொலைபேசியோடு சைக்கிளில் போய் நிற்பேன். இணுவிலில் ஒரு அம்மா நெல்லறுக்கிற அரிவுவெட்டுப் பாட்டுப் பாட, அடுப்பில் தோசை கருகியது. கோப்பாயில் ஒருவர் பாட்டுத் தருவதாகக் கூப்பிட்டுவிட்டு, தன்னுடைய சொந்தக் கவிதைகளை இரண்டு மணித்தியாலம் வாசித்தார். அதற்கும் தலையாட்டினேன். 'சனத்தின் பாட்டுக்குள் சனத்தின் நீதி இருக்கிறது' என்று கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு வேறு.

"நீ பாட்டுச் சேக்கிறியோ, இல்லை வீடு வீடாத் தேத்தண்ணி குடிச்சுத் திரியிறியோ?" என்பான் கூடப் படித்த ரதன். ஆனாலும் சேர்த்த பாட்டுகளைப் புத்தகமாக வடிவமைத்தது அவன்தான்.

றீற்றாக்காவைக் கண்டது வீதியோரக் கொட்டகையில். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் படங்களோடு குந்தியிருந்த கொட்டகை. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சீருடை போட்டவர்கள் கூட்டிப்போன மகனின் படத்தை மடியில் வைத்தபடி, வெயில் சாயும் நேரத்தில் மெல்லப் பாடினார்:

"பாயை இன்னும் சுருட்டவில்லை, படுக்க நீ வாராயோ
சோத்தை மூடி வைச்சிருக்கு, சொல்லாமல் வாராயோ"

கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டேன். தொகுப்பில் மூன்று பகுதிகள்: தொழிற்பாடல், தாலாட்டு, ஒப்பாரி. றீற்றாக்காவின் பாட்டை மூன்றாவதில் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை. அழுகை என்றால் ஒப்பாரி. படித்த பிள்ளையல்லவா?

வெளியீடு வாசிகசாலை மண்டபத்தில் நடந்தது. றீற்றாக்கா படத்தோடுதான் வந்தார். முன்வரிசையில் இருந்து புத்தகத்தைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. கூட்டம் முடியும்வரை பொறுத்திருந்து என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"பிள்ளை, எங்கடை வீட்டிலை ஆர் செத்தது?"

அவர் விரித்துக் காட்டிய பக்கத்தின் தலைப்பைப் பார்த்தேன்: ஒப்பாரி.

"மரணச் சேட்டிபிக்கற் எடுங்கோ எண்டு அரசாங்கக் கந்தோரிலை எத்தினை தரம் சொன்னவங்கள். நான் எடுக்கேல்லை. நவம்பரிலை ஆத்துமாக்கள் பூசைக்குக் கோயிலிலை செத்த ஆக்களின்ரை பேர் எழுதேக்கையும் அவன்ரை பேரை நான் குடுக்கிறேல்லை. நீ ஒரு பக்கத்திலை அலுவலை முடிச்சுப்போட்டாய்."

"அப்ப அது என்ன பாட்டக்கா?"

"நித்திரையாக்கிற பாட்டு. கைக்குழந்தையிலை படுக்கச் சொல்லிப் பாடினன். இப்ப வரச்சொல்லிப் பாடுறன்."

அடுத்த நாள், 'தாலாட்டு' என்று அடித்த துண்டுகளை மிச்சப் பிரதிகளில் அந்தப் பக்கத்துத் தலைப்பின்மேல் ஒட்டினோம். கொட்டகைப் பதாகைகளுக்குக் காய்ச்சுகிற அதே பசையை றீற்றாக்காவே வாளியில் கொண்டுவந்தார்.

"பிறந்து ஒரு நாளிலையே புத்தகத்துக்குப் பிளாஸ்ரர்," என்றான் ரதன்.

றீற்றாக்கா சிரித்துவிட்டார். பிறகு என் கையைப் பார்த்து, "ஒட்டுறதை நேரா ஒட்டு" என்றார்.

ஆனால் வெளியீட்டன்றே கைமாறிப்போன பிரதிகள் போனவைதான். அவை எந்த அலுமாரிகளில் கிடக்கின்றனவோ, அங்கெல்லாம் ஜூட் செத்துப்போய்க் கிடக்கிறான்.

"காலஞ்சென்ற போடாதேங்கோ," என்றேன் சுதாக்காவிடம்.

"அப்ப எந்த நாடு? மகள் நிர்மலாவுக்கு அடைப்புக்குறிக்குள்ளை பிரான்ஸ் போட்டிருக்கு. இவர் கனடாவோ, லண்டனோ?"

"தெரியாதக்கா. கொண்டுபோனவையைத்தான் கேக்கவேணும்."

சுதாக்கா என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பழக்கத்தில் அவர் விரல்கள் அடைப்புக்குறி இரண்டையும் ஏற்கனவே தட்டிவிட்டிருந்தன. அழிக்கப் போனார்.

"விடுங்கோ. இருக்கட்டும்."

பின்னேரம் அறிவித்தலோடும் அச்சகத்துப் பசையோடும் அந்த வீதிக்குப் போனேன். கொட்டகை நின்ற இடத்தில் இப்போது ஓட்டோக்கள் நிற்கின்றன. றீற்றாக்காவின் குரல் இருந்த தொலைபேசி தண்ணீருக்குள் விழுந்து எப்போதோ செத்துவிட்டது. ரதனும் போய்விட்டான், அவன் வீட்டு அறிவித்தல்களில் அவன் பெயருக்குப் பக்கத்திலும் கனடா வருகிறது. கொப்பியில் இரண்டு கோடு போட்ட அந்த வரியை இப்போதென்றால் எழுதமாட்டேன்.

மின்கம்பத்தில் பசை பூசினேன். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நிர்மலா (பிரான்ஸ்), ஜூட் (          ) ஆகியோரின் அன்புத் தாயார்.

நேராகத்தான் இருந்தது.