பாதியில் நின்ற நீலக்கோடு

ஸுலைஹாவுக்கு அன்று காலையிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தைக்க எடுத்த அபாயா அங்கியின் வலக்கையை இடப்பக்கம் பொருத்தி, பிரித்து, மறுபடியும் இடப்பக்கமே பொருத்திவிட்டாள். ஓர் இழை விலகினாலும் பிரித்துத் தைக்கிறவள் அவள். மருதமுனையில் அவள் தைத்த அபாயா என்றால் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் மெச்சுவார்கள்.

காரணம் தம்பி பர்ஸான். கட்டடங்களுக்குக் கணினியில் படம் கீறப் படித்தவன். டோஹாவில் ஒரு கம்பனி அவனுக்கு ஒரு படத்தை அனுப்பி, அதிலுள்ள பிழைகளைத் திருத்தி வியாழக்கிழமை அலுவலகம் மூடுமுன் அனுப்பினால் வேலை தருவதைப் பற்றிக் கதைக்கலாம் என்றிருந்தது. இன்றுதான் வியாழன். அந்தப் படமோ அவனிடமிருந்த பழைய மென்பொருளில் திறக்கவில்லை. புதியதை நிறுவப் போனால், திரையில் ஊர்ந்துவரும் நீலக்கோடு பாதியில் நின்று, முடியவில்லை என்று சொல்லிவிடுகிறது. நேற்றிலிருந்து இதே கதை. தன் துண்டுகளை இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும் மென்பொருள் அது. கல்முனை நெட் கடையில் எடுத்துக்கொண்டு வந்து போடவும் வழியில்லை.

பர்ஸான் இருந்தது சாய்ந்தமருதில், மனைவி சஹ்லாவின் வீட்டில். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவதுதான் ஊர் முறை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தையல் மெஷின் மிதித்து அவனைப் படிப்பித்தவள் ஸுலைஹா. என் தம்பி கீறினால் சுவர் கோணாது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறவள். ஆனாலும் அது சஹ்லாவின் வீடு. அழைக்காமல் போய் நின்றால், மதினி வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்றாகிவிடுமோ என்று தயக்கம். அதனால் மணி அடித்தாள்.

மணி என்றால் மிஸ்கோல். சுனாமியில் கடல் உம்மாவைக் கொண்டுபோன அன்று பர்ஸான் சாய்ந்தமருதுக்கு வகுப்புக்குப் போயிருந்தான். பொழுதுபடும் நேரம் அவன் நடந்து வந்து சேரும்வரை இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அவள் நின்றாள். அதற்குப் பிறகு குடும்பம் முழுவதற்கும் ஒரு சட்டம் போட்டாள். வெளியே போகிறவர் போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி அடித்து வைக்க வேண்டும். சுகம் கேட்கவும் ஒரு மணிதான். கேட்கப்பட்டவர் ஒரு மணி திருப்பி அடிக்க வேண்டும். யாரும் எடுக்கக் கூடாது. முதல் மணியின் நடுவிலேயே வெட்டிவிடுவதில் ஸுலைஹாவின் விரல் தப்பியதே இல்லை. கணவன் பளீல்தான் எப்போதும் இரண்டு மூன்று மணி அடிக்கவிட்டு ஏச்சு வாங்குகிறவன்.

நேற்றும் அடித்துக்கொண்டே இருந்தவள், இன்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகும் அடித்தாள். சாய்ந்தமருதிலிருந்து பதில் மணி இல்லை. ஒரு கையைத் தைத்துவிட்டு மறுபடி அடித்தாள். அதற்கும் இல்லை.

"இஞ்ச, அந்த போனை வையிகா. அவன் வேலையா இரிப்பான்" என்றான் பளீல்.

"வேலையெண்டா ஒரு மணி அடிக்க ஏலாதா? கை முறிஞ்சா போச்சு?"

"கை முறியல்ல. ஒண்ட மணியில காதுதான் முறிஞ்சிரிக்கும்."

யுத்தம் முடிந்ததென்று வானொலி சொன்ன கிழமை அது. பெரிய தெருப்பக்கம் வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அவள் நெஞ்சு குதித்தது. குதித்த போதெல்லாம் ஒரு மணி அடித்தாள்.

நடுப்பகல் ளுஹர் தொழுததும் பொறுக்க முடியவில்லை. கையை வீசிக்கொண்டு போகக் கூடாதென்று கீரிமீன் பொரித்து டப்பாவில் அடைத்து, போனைப் பளீலிடம் விட்டுவிட்டு, ஓட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

பர்ஸான் சாரனும் பெனியனுமாகக் கணினிக்கு முன்னால் இருந்தான். கண் சிவந்திருந்தது.

"வைரஸ் கார்டையும் நிப்பாட்டிப் பாத்திட்டன் ராத்தா. இடம் காணாதாக்கும் எண்டு கலியாண வீடியோவையும் அழிச்சிட்டன்."

"ஓம் மதினி, என்ட கலியாணத்தையே அழிச்சிட்டார்" என்றாள் சஹ்லா, டப்பாவை வாங்கிக்கொண்டு.

"அது சீடியில இரிக்கிகா!" என்றான் பர்ஸான்.

"நான் மணி அடிச்சன், ஒரு பதிலும் இல்லியே?" என்று கேட்டாள் ஸுலைஹா.

"எங்களுக்கு ஒரு மணியும் கேக்கல்லியே. போன் லைனிலதானே நெட் ஓடுது."

பர்ஸான் மறுபடி தொடக்கினான். நீலக்கோடு ஊர்ந்தது. ஸுலைஹா மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு வந்தது. பாதியைத் தாண்டியது. சஹ்லாவின் கையைப் பிடித்தாள். கோடு இன்னும் கொஞ்சம் போய் நின்றது. இணைப்பு அறுந்ததென்று திரையில் எழுத்து வந்தது. அந்த வேகத்திலேயே மூலையிலிருந்த போன் மணி அடித்தது. ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

"எடுக்காத! அவர்தான். நான் வந்து சேந்ததுக்கு மணி அடிக்க மறந்திட்டன்" என்றாள் ஸுலைஹா.

பர்ஸான் சட்டத்தை மீறி எடுத்தான். "மச்சான், ராத்தா வந்திட்டா. இப்ப கொஞ்சம் அடிக்காதீங்க." வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான், போனைப் பார்த்தான், கடைசியில் ராத்தாவைப் பார்த்தான்.

"லைனில நெட் ஓடக்குள்ள கோல் வந்தா உள்ளுக்க ஒரு பீப் சத்தம் போகும். அதில நெட் அறுந்திரும். நீங்க மணிய உடனே வெட்டிருவீங்க, எங்களுக்குக் கேட்டிராது. மச்சான் வெட்டாம விட்டதாலதான் கேட்டிச்சு. எத்தின தரம் அடிச்சீங்க?"

"ஒவ்வொரு கை தைச்சு முடிச்சாப் பொறகும்."

"எத்தின கை தைச்சீங்க?"

"இண்டைக்குத் தையல் கொஞ்சம் வேகம்."

சஹ்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பர்ஸான் சிரிக்கவில்லை. டோஹாவில் அலுவலகம் மூட இங்கே இருட்டிவிடும். படத்தைத் திருத்தவும் நேரம் வேண்டும். வரும் கோலைத் தடுக்க ஏதோ ஓர் இலக்கம் உண்டு. அது அவனுக்குத் தெரியாது. கேட்கலாமென்று அடித்தால் டெலிபோன் கந்தோரில் யாரும் எடுக்கவில்லை.

"தள்ளு" என்றாள் ஸுலைஹா. போனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள். தன் சட்டப்படி இந்த வீட்டுக்கு மணி அடிக்கக்கூடியவர்கள் யார் யாரென்று அவளுக்குத்தான் தெரியும். ஒவ்வொருவரையாகப் போனில் கூப்பிட்டு, நானே சொல்லும்வரை மணி வேண்டாம் என்றாள். சம்மாந்துறை மாமி கோபித்துக்கொண்டாள். பொத்துவில் சாச்சி லேசில் விடவில்லை.

"அப்ப நீங்க உசிரோட இரிக்கிறது எங்களுக்கு எப்பிடிக்கா தெரியிற? ஊரெல்லாம் வெடி கேக்குது!"

"அது சந்தோசத்துக்குக் கொளுத்துற வெடி சாச்சி. நாங்க உசிரோடதான் இரிக்கம். வைங்க."

மறுபடி நீலக்கோடு தொடங்கியது. ஸுலைஹா முற்றத்துக்கு வந்து, பெருக்கியிருந்த இடத்தையே பெருக்கினாள். வெளியே வெடி கேட்டபோது கை தானாக இடுப்பில் போனைத் தேடிப் போனது. இழுத்துக்கொண்டாள். வீட்டில் பிள்ளைகள் என்ன செய்கிறார்களோ என்று நினைப்பு ஓடியது. கேட்க வழியில்லை. தானே வாயால் சொல்லி அடைத்த வழி.

சஹ்லா வந்து விளக்குமாற்றை வாங்கினாள். "மதினி, முத்தத்தில மண்ணாவது மிஞ்சட்டும். உள்ளுக்க வாங்க. கோடு முழுசா ஏறிட்டு."

கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளாகப் படம் விரிந்திருந்தது. பர்ஸான் ஒரு கோட்டைப் பெரிதாக்கி, அளந்து, தள்ளிவைத்தான். அவன் முகத்தில் பதற்றம் போய்விட்டது. எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற கேள்வி ஸுலைஹாவின் நாக்கு நுனியில் நின்றது. கேட்கவில்லை. கேட்டால் அவனுக்குக் கை தடுமாறும். அசர் தொழுகை நேரமானது. மஃரிபும் ஆனது. தொழுதுவிட்டு வந்து மீண்டும் குனிந்தான். ஒரு வழியாக மவுஸை அழுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"போயிட்டா?"

"போயிட்டு ராத்தா. மூட முந்தியே போயிட்டு."

"என்ன சொன்னாங்க?"

"இப்பதானே போச்சு! நாளைக்கும் நாளையிண்டைக்கும் அவங்களுக்கு லீவு. ஞாயிறுதான் திறந்து பாப்பாங்க."

"ஞாயிறு வரைக்கும் நான் என்ன செய்யிற?"

"இஞ்சயே இரிங்க மதினி. மச்சானையும் புள்ளைகளையும் வரச் சொல்லுவம். மீன் மிச்சம் இரிக்கி, சோத்தக் கூட ஆக்கினாச் சரி" என்றாள் சஹ்லா.

ஸுலைஹா அபாயாவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். இருந்தவள் உடனே எழும்பினாள்.

"தம்பி, அவங்கட கொம்பியூட்டரில இது திறக்கிமா?"